பாரதியாரின் இசை

பாரதியாரின் இசை என்பது தமிழ்க் கவிஞர் சி. சுப்பிரமணிய பாரதியார் (டிசம்பர் 11, 1882 – செப்டம்பர் 12, 1921) இயற்றிய இசைப்பாடல்களையும், அவற்றுக்கு அவர் வகுத்த இராக, தாள, மெட்டு அமைப்புகளையும், இசைக்கலை பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகளையும் குறிக்கும். பாரதியார் கவிஞராகவே பெரிதும் அறியப்பட்டாலும், அவருடைய பாடல்களில் கணிசமானவை படிப்பதற்காக அன்றிப் பாடுவதற்காகவே இயற்றப்பட்டவை. பல பாடல்களின் தலைப்பில் இராகம், தாளம், வர்ணமெட்டு, சுவை ஆகியவற்றை அவரே குறித்துள்ளார். சில இடங்களில் சுர வரிசைகளையும் தந்துள்ளார். எனினும் இன்று கச்சேரிகளிலும் திரைப்படங்களிலும் கேட்கப்படும் மெட்டுகளில் பெரும்பாலானவை அவருடையவை அல்ல; அவர் மறைந்தபின் பிறர் அமைத்தவை. இராகக் குறிப்புகள் நிலைத்திருக்க, அவர் பாடிய மெட்டுகளில் பெரும்பகுதி மறைந்து போனமை தமிழிசை வரலாற்றில் கருதத்தக்க ஒன்றாகும்.

பாரதியாரின் இசைப்பாடல்களுள் சிறந்தவை பல 1908 முதல் 1918 வரை அவர் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில் தோன்றின. குயில் பாட்டுக்குக் களமாகக் கருதப்படும் தோப்பு, நகரின் வடபகுதியான முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஒருவருக்கு உரியதாக இருந்தது.

இசைப் பின்னணி

எட்டயபுரம்

பாரதியார் பிறந்த எட்டயபுரம் கருநாடக இசை வரலாற்றில் தனி இடம் பெற்ற ஊராகும். இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் இவ்வூரிலேயே மறைந்தார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். மேற்கத்திய இசைக்கருவியான வயலினைக் கருநாடக இசைக்கு ஏற்பப் பயன்படுத்திய முன்னோடியாக இவர் கருதப்படுகிறார்.

இம்மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் (1839 – 1906) எட்டயபுரத்தில் இருந்தபடியே சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூலைத் தொகுத்து 1904இல் வெளியிட்டார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் சுரக்குறிப்புடன் இந்நூல் வழியாகவே பிற்காலத்தாருக்குக் கிடைத்தன. சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா ஒன்று பாடினார். ஒரு பெரும் வாக்கேயக்காரரின் இசை எவ்வாறு எழுத்தில் காக்கப்படுகிறது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு பாரதியாரின் சொந்த ஊரிலேயே, அவருடைய இளமைக் காலத்திலேயே நிகழ்ந்தது. அவருடைய பாடல்களுக்கு அத்தகைய வாய்ப்பு அமையவில்லை.

காசியும் சென்னையும்

தந்தை சின்னசாமி ஐயர் மறைந்தபின் 1898இல் காசிக்குச் சென்ற பாரதியார் 1902 வரை அங்குத் தங்கிக் கல்வி பயின்றார். அவருடைய சில பாடல்களுக்கு இந்துஸ்தானி இராகங்கள் குறிக்கப்பட்டுள்ளமைக்கு இவ்வடநாட்டு வாழ்க்கையும் ஒரு காரணமாகலாம். 1904இன் இறுதியில் சென்னையில் சுதேசமித்திரன் இதழின் துணையாசிரியரானார். வங்கப் பிரிவினைக்குப் பின் எழுந்த சுதேசி இயக்கத்தின்போது, பொதுக்கூட்டங்களில் பலரும் சேர்ந்து பாடத்தக்க தமிழ்ப் பாடல்களின் தேவை மிகுந்தது. பாரதியாரின் நாட்டுப் பாடல்கள் இச்சூழலில் தோன்றின. இவற்றுள் மூன்றை வி. கிருஷ்ணசாமி ஐயர் 1907இல் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். 1908இல் சுவதேச கீதங்கள் என்னும் தொகுப்பு வெளிவந்தது. தலைப்பிலேயே கீதங்கள் என்னும் சொல் இடம் பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

புதுச்சேரிக் காலம்

ஆங்கிலேய அரசின் அடக்குமுறையிலிருந்து தப்பும் பொருட்டு 1908ஆம் ஆண்டில் பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். அவர் ஆசிரியப் பொறுப்பில் இருந்த இந்தியா இதழும் அங்கிருந்து வெளிவரத் தொடங்கி, 1910இல் நின்று போனது. அதே ஆண்டில் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் புதுச்சேரி வந்து சேர்ந்தனர். இதழ்ப்பணி தடைப்பட்டமை வறுமையைக் கொண்டுவந்தது. எனினும் பாடல்கள் பெருகின. கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகிய மூன்றும் இக்காலத்துப் படைப்புகளே.

ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் இப்போது நினைவு அருங்காட்சியகமாக உள்ளது. வீட்டிலும் கடற்கரையிலும் அவர் பாடுவதை நண்பர்கள் கேட்டனர். கண்ணன் பாட்டின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் வ. வே. சு. ஐயர், நிலவொளி படர்ந்த கடற்கரையில் கவிஞர் தாமே இப்பாடல்களைப் பாடக் கேட்டவர்களே இவற்றின் முழு நயத்தை உணர்வர் என்னும் கருத்துப்பட எழுதியுள்ளார். மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி அம்மாள் சிறுமியாக இருந்தபோது பாரதியார் இல்லத்துடன் பழகியவர். அவருடைய பாரதி நினைவுகள் என்னும் நூல் பாடல்கள் பல பிறந்த சூழலை விவரிக்கிறது.

முத்தியால்பேட்டையும் குயில் தோப்பும்

முத்தியால்பேட்டை புதுச்சேரி நகரின் வடபகுதியில் அமைந்துள்ளது. இது நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பகுதியாகும். இங்கு வாழ்ந்த கிருஷ்ணசாமிச் செட்டியார் பாரதியாரின் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர். உருவத்தில் குள்ளமாகவும் பருமனாகவும் இருந்த இவரை நண்பர்கள் வெல்லச்சு என்று அழைத்தனர். பாரதியாரின் வரலாற்றை எழுதிய வ. ரா. (வ. ராமசாமி) இவரைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார்.

கிருஷ்ணசாமிச் செட்டியாருக்கு உரிய மாந்தோப்பு ஒன்று முத்தியால்பேட்டையை அடுத்த கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகள் கோயிலுக்கு அருகே இருந்தது. நகரின் சந்தடியிலிருந்தும், ஆங்கிலேய அரசின் ஒற்றர்களிடமிருந்தும் விலகி இருக்க விரும்பிய பாரதியார் இத்தோப்புக்கு அடிக்கடி சென்று வந்தார். குயில் பாட்டில் வரும் சோலை இதுவே என்று கொள்ளப்படுகிறது. தோப்பும் குயில் தோப்பு என்றே பெயர் பெற்றது. அருகிலிருந்த கோயிலைப் பற்றியும் சித்தாந்தச் சாமி கோயில் என்னும் பாடலை அவர் இயற்றியுள்ளார்.

குயில் பாட்டு ஒரு காதற்கதை போலத் தோன்றினும், இசையைப் பற்றிய நூலாகவும் அதனைக் கொள்ளலாம். கதை தொடங்குவதே ஒரு பாட்டைக் கேட்டு மனம் இழப்பதில்தான். தான் எத்தகைய இசையில் தோய்ந்தது என்று குயில் கூறும் பகுதியில், இயற்கையின் ஒலிகளோடு ஏற்றம் இறைப்போர் பாட்டு, நெல் குற்றும் பெண்களின் பாட்டு, சுண்ணாம்பு இடிப்போர் பாட்டு, பண்ணையில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு, வட்டமிட்டுக் கொட்டும் கும்மி, குழல், வீணை ஆகியன வரிசையாக வருகின்றன. உழைப்பாளர் பாடல்களும் வீணையும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே உயர்வு தாழ்வு கற்பிக்கப்படவில்லை. பாரதியாரின் இசைநெறி முழுவதையும் இப்பகுதி சுருக்கமாகக் காட்டுகிறது எனலாம்.

இக்காவியத்துள் குயில் பாடுவதாக அமைந்த பாடலுக்குச் சங்கராபரண இராகமும் ஏக தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. அதனுடன் சுர வரிசையும் தரப்பட்டு, சந்த வேறுபாட்டுக்கு ஏற்ப அதனை மாற்றிக்கொள்ளலாம் என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டுள்ளது.

பாடல் வடிவங்கள்

பாரதியார் புதிய பாடல் வடிவங்களைத் தோற்றுவித்ததைவிட, மக்கள் முன்பே பாடிவந்த வடிவங்களில் புதிய பொருளைப் பாடியதே மிகுதி. அவர் கையாண்ட வடிவங்களுள் முதன்மையானவை வருமாறு:

சிந்து: நொண்டிச் சிந்து, காவடிச் சிந்து ஆகிய வகைகளைப் பெரிதும் பயன்படுத்தினார். பாஞ்சாலி சபதத்தின் பெரும்பகுதி நொண்டிச் சிந்தில் அமைந்தது. எளிய சொல், எளிய நடை, எளிதில் விளங்கும் சந்தம், பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவை கொண்ட காவியமே காலத்தின் தேவை என்று அந்நூலின் முன்னுரையில் அவர் எழுதினார். எங்கள் தாய் என்னும் பாடல் காவடிச் சிந்து மெட்டைத் தழுவியது.

கிளிக்கண்ணி: நடிப்புச் சுதேசிகள் என்னும் பாடல் இவ்வடிவில் அமைந்தது. கிளியை விளித்துப் பாடும் மென்மையான வடிவம் இங்குக் கடுமையான எள்ளலுக்குப் பயன்படுகிறது.

நந்தனார் சரித்திர மெட்டுகள்: கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அக்காலத்தில் தமிழகம் எங்கும் பரவியிருந்தது. சுதந்திரப் பெருமை என்னும் பாடல் அந்நூலின் தில்லை வெளியிலே என்னும் பாடலின் வர்ணமெட்டில் இயற்றப்பட்டது. அந்நூலில் நந்தனாரை இகழும் பாடலின் மெட்டில், திலகரை எதிர்ப்போர் பேசுவதாக ஒரு பாடலை அமைத்தார். மூலப்பாடலை அறிந்தவர்களுக்கு மெட்டைக் கேட்ட அளவிலேயே எள்ளல் விளங்கிவிடும்.

ஆனந்தக் களிப்பு: தாயுமானவரின் ஆனந்தக் களிப்பு மெட்டில் மாதாவின் துவஜம் என்னும் கொடிப்பாட்டு இயற்றப்பட்டது.

கும்மி, பள்ளியெழுச்சி முதலியன: பெண்கள் விடுதலைக் கும்மி, பாரதமாதா திருப்பள்ளியெழுச்சி ஆகியன இவ்வகையின. குடுகுடுப்பைக்காரரின் குறிசொல்லும் பாங்கில் அமைந்தது புதிய கோணங்கி.

கீர்த்தனை: பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளைக் கொண்ட பாடல்களையும் இயற்றியுள்ளார்.

ஏற்கனவே மக்கள் அறிந்த மெட்டில் பாடல் அமைந்தால் அதனைப் பாட ஆசிரியர் தேவையில்லை. அச்சிட்ட தாள் ஒன்று போதுமானது. அரசியல் இயக்கத்திற்கு இது பெரும் வசதியாக இருந்தது. இத்தகைய பாடல்களின் மெட்டுகளே இன்றும் ஓரளவு உறுதியாக அறியக்கூடியனவாக உள்ளன.

இராகமும் தாளமும்

பாரதியார் குறித்துள்ள இராகங்களில் ஒரு போக்கு காணப்படுகிறது. வந்தேமாதரம் என்னும் பாடலுக்கு நாதநாமக்கிரியை, சுதந்திர தாகத்துக்குக் கமாஸ், கண்ணம்மாவைக் காதலியாகக் கண்ட பாடலுக்குச் செஞ்சுருட்டி, வேலன் பாட்டுக்குப் புன்னாகவராளி, நந்தலாலா பாடலுக்கு யதுகுல காம்போதி என்று அவை அமைகின்றன. இவற்றுள் பல நாட்டுப்புற இசையோடும் தெருக்கூத்து, காவடி முதலியவற்றோடும் நெருங்கிய தொடர்புடையவை.

நாதநாமக்கிரியையும் புன்னாகவராளியும் நிஷாதாந்திய இராகங்கள். அதாவது மேல் நிஷாதத்துக்கு மேல் செல்லாதவை. செஞ்சுருட்டியும் நிஷாதாந்திய இராகமே. மேல் நிஷாதத்தோடு நின்றுவிடும். எனவே மேல்தாயிக்குச் செல்லும் பயிற்சி இல்லாத குரலும் இவற்றைத் தடையின்றிப் பாட இயலும். தாளங்களிலும் ஆதி, ரூபகம், திஸ்ர ஏகம், சதுஸ்ர ஏகம் ஆகிய எளியவையே மிகுதி. பயிற்சி பெற்ற வித்துவானுக்கு மட்டுமன்றிப் பொதுமக்களுக்கும் பாடத்தக்கதாகப் பாடலை அமைக்க வேண்டும் என்னும் நோக்கம் இத்தேர்வில் புலப்படுகிறது.

கண்ணன் பாட்டில் இராக தாளங்களோடு சுவையையும் அவர் குறித்துள்ளார். ஒரு பாடலுக்குச் சிருங்காரம், அற்புதம் என இரு சுவைகளைக் குறித்திருப்பதும் உண்டு. இது பாடுவோருக்கான வழிகாட்டுதலாகும்.

கண்ணம்மா – என் குழந்தை

பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடிய இப்பாடல் சின்னஞ்சிறு கிளியே என்னும் தொடக்கத்தால் பரவலாக அறியப்படுகிறது. இதற்குப் பைரவி இராகமும் ரூபக தாளமும் குறிக்கப்பட்டுள்ளன. தொடக்கப் பகுதிக்கான சுர வரிசையையும் பாரதியார் எழுதியுள்ளார். அவ்வரிசையை மாதிரியாகக் கொண்டு, மனோபாவத்துக்கு ஏற்ப மாற்றிப் பாட வேண்டும் என்றும் அறிவுறுத்தியுள்ளார்.

இக்குறிப்பும் குயில் பாட்டில் உள்ள குறிப்பும் ஒரே தன்மையன. பாரதியார் தம் சுர வரிசையை மாற்றக்கூடாத ஒன்றாகக் கருதவில்லை என்பது இவற்றால் தெரிகிறது. இராகமும் தாளமும் தந்து, மெட்டின் ஒரு சாயலையும் காட்டி, எஞ்சியதைப் பாடுவோரின் உணர்வுக்கு அவர் விட்டிருக்கிறார். பிற்காலத்தில் மெட்டுகள் மாறியதை மதிப்பிடுவோர் இதனையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

இசை பற்றிய கருத்துகள்

சங்கீத விஷயம் என்னும் கட்டுரையில் பாரதியார் தம் காலத்துக் கச்சேரி முறையைக் கடுமையாகத் திறனாய்வு செய்தார். எந்த ஊருக்குச் சென்றாலும், எந்த வித்துவான் வந்தாலும், அதே சில கீர்த்தனைகளே திரும்பத் திரும்பப் பாடப்படுகின்றன என்பது அவருடைய முதற் குறையாகும். பாடுவோரில் பலர் பாடலின் பொருளை அறியாமலும், சொற்களைச் சிதைத்தும் பாடுகின்றனர் என்பது அடுத்த குறை.

முன்னோரை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளின் கம்பீரத்தைக் கங்கை ஆற்றோடு ஒப்பிட்டார். எனினும் அவை சமசுகிருதத்தில் அமைந்தமையால் பொதுமக்களின் அறிவில் நின்று பயன்தர இயலவில்லை என்று கருதினார். தியாகராசரைச் சுவை நிறைந்த பாடல்களைத் தந்த மேதையாகப் போற்றினார். இசையின் உயிர் ஒன்பது சுவைகளிலும் உள்ளது என்பதும், வீரம், வியப்பு முதலிய சுவைகளுக்கும் கச்சேரியில் இடம் வேண்டும் என்பதும் அவர் கருத்தாகும். அக்காலத்தில் பரவிவந்த ஆர்மோனியத்தை அவர் ஏளனம் செய்தார். புதிய கீர்த்தனைகளைத் தமிழில் இயற்ற வேண்டும் என்று வலியுறுத்தினார்.

1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற மாநாட்டின் வழியாகவும், 1943இல் சென்னையில் நிறுவப்பட்ட தமிழ் இசைச் சங்கத்தின் வழியாகவும் வலுப்பெற்ற தமிழிசை இயக்கத்தின் கோரிக்கைகள் பல இக்கட்டுரையில் முன்கூட்டியே இடம் பெற்றிருக்கக் காணலாம்.

மெட்டுகள் மறைந்தமைக்கான காரணங்கள்

கருநாடக இசையில் வாக்கேயக்காரர் என்பவர் சொல்லையும் இசையையும் ஒருங்கே படைப்பவர். அவருடைய மெட்டு சீடர் வழியாகவே பெரும்பாலும் காக்கப்படுகிறது. தியாகராசருக்கு வாலாசாபேட்டை, உமையாள்புரம் முதலிய ஊர்களில் சீடர் பரம்பரைகள் அமைந்தன. தீட்சிதருக்குத் தம் குடும்பமும், பின்னர் அச்சேறிய சுரக்குறிப்பு நூலும் அமைந்தன. பாரதியாருக்கு இவற்றுள் எதுவும் அமையாததற்குப் பின்வருவனவற்றைக் காரணங்களாகக் கூறலாம்:

முதலாவதாக, அவர் பத்து ஆண்டுகள் பிரெஞ்சு எல்லைக்குள் ஒதுங்கி வாழ நேர்ந்தது. அவருடன் பழகியவர்கள் காவலரின் கண்காணிப்புக்கு ஆளாயினர். தொழில்முறை இசைக் கலைஞர் எவரும் அவரிடம் முறையாகப் பாடம் கேட்கும் சூழல் இல்லை. அவர் பாடிக் கேட்டவர்கள் குடும்பத்தினரும், அரசியல் நண்பர்களும், அண்டை வீட்டுச் சிறுமியரும் ஆவர்.

இரண்டாவதாக, அவருடைய பாடல்கள் பெரும்பாலும் இதழ்களிலும் சிறு நூல்களிலும் சொல்வடிவிலேயே அச்சாயின. இராகப் பெயர் ஒரு பாடலின் பொதுவான இயல்பைக் காட்டுமே அன்றி மெட்டைக் காட்டாது. ஒரே இராகத்தில் எண்ணற்ற மெட்டுகள் அமைய இயலும்.

மூன்றாவதாக, 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறியபோது கைது செய்யப்பட்ட அவர், விடுதலைக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள், 39 வயது நிறையும் முன்பே மறைந்தார். அவருடைய குரலின் ஒலிப்பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

நான்காவதாக, 1928இல் சென்னை மாகாண அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி இதனை எதிர்த்து வாதிட்டார். இக்காலத்தில் பாடல்கள் ஊர்வலங்களிலும் நாடக மேடைகளிலும் வாய்மொழியாகப் பரவின. அவ்வவ்விடத்துப் பாடகர்கள் தத்தமக்கு இயன்ற மெட்டில் பாடியதால் மூல மெட்டுகள் மேலும் மங்கின.

மாறிய மெட்டுகள்

பாரதியார் குறித்த இராகத்துக்கும் இன்றைய வழக்குக்கும் உள்ள வேறுபாட்டுக்குச் சில எடுத்துக்காட்டுகள்:

சின்னஞ்சிறு கிளியே – பாரதியார் குறித்தது பைரவி. இன்று காபியில் தொடங்கும் இராகமாலிகையாகப் பாடப்படுகிறது.

ஆசை முகம் – குறித்தது பிலகரி. இன்று சோன்புரி இராகத்தில் பாடப்படுகிறது.

தீராத விளையாட்டுப் பிள்ளை – குறித்தது கேதாரம், கண்டசாதி ஏக தாளம். இன்று இராகமாலிகையாகப் பாடப்படுகிறது.

இவற்றுள் ஆசை முகம் தனித்து நோக்கத்தக்கது. காதலனின் முகம் நினைவிலிருந்து மறைந்துவிட்டதை ஒரு பெண் தோழியிடம் கூறும் பாடல் இது. பிலகரி 29ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் சன்னிய இராகம். பொதுவாக எழுச்சியும் மகிழ்வும் தருவதாகக் கருதப்படுவது. சோன்புரி இந்துஸ்தானி இசையிலிருந்து வந்தது. 20ஆவது மேளமான நடபைரவியோடு தொடர்புடையது, ஏக்கத்தை வெளிப்படுத்துவது. இன்றைய மெட்டில் பாடல் முழுவதும் துயரமாகவே ஒலிக்கிறது. பாரதியாரின் குறிப்பின்படி பாடினால், துயரச் சொற்கள் துள்ளலுடைய இராகத்தின்மேல் அமர்ந்து, வேறொரு பொருள்நிலையைத் தரக்கூடும். சொல் ஒன்றாகவே இருப்பினும் இராகம் மாறும்போது பாடலின் உணர்வு மாறிவிடுவதற்கு இது நல்ல சான்றாகும்.

அதே வேளையில், புதிய மெட்டுகளே இப்பாடல்களை இலட்சக்கணக்கான மக்களிடம் கொண்டு சேர்த்தன என்பதும் மறுக்க இயலாதது.

இசைத்தட்டும் திரைப்படமும்

பாரதியார் பாடல்களைக் கச்சேரி மேடையில் நிலைபெறச் செய்தவர்களுள் டி. கே. பட்டம்மாள் (1919 – 2009) முதன்மையானவர். ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த நாம் இருவர் (1947) திரைப்படத்துக்காக ஆர். சுதர்சனம் இசையில் அவர் பாடிய பாரதியார் பாடல்கள் நாடெங்கும் பரவின. வேதாள உலகம் (1948) படத்திலும் அவர் பாரதியார் பாடல்களைப் பாடினார்.

பாரதியார் பாடல்களை ஒலிவடிவில் பயன்படுத்தும் உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்தது. டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் (1948) படத்தில் பாரதியார் பாடல் இடம் பெற்றபோது உரிமை பற்றிய வழக்கு எழுந்தது. ஒரு தேசியக் கவிஞரின் பாடல் தனியார் உடைமையாக இருக்கலாமா என்னும் வினா இதனால் பொதுவெளியில் வலுப்பெற்றது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் தம்மிடம் இருந்த ஒலியுரிமையை விலையின்றி வழங்கினார். பின்னர் இப்படைப்புகள் மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டன. இதன் பின்னர் எவரும் இப்பாடல்களுக்கு மெட்டமைத்துப் பாடத் தடையில்லாமல் போயிற்று. மெட்டுகள் பலவாகப் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பாரதியார் பாடல்கள் இடம் பெற்ற பிற திரைப்படங்களுள் சில:

மணமகள் (1951) – இசை சி. ஆர். சுப்புராமன். எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடிய சின்னஞ்சிறு கிளியே இதில் இடம் பெற்றது.

கப்பலோட்டிய தமிழன் (1961) – இசை ஜி. ராமநாதன்.

ஏழாவது மனிதன் (1982) – இசை எல். வைத்தியநாதன். பாரதியார் பாடல்களே இதில் பயன்படுத்தப்பட்டன.

பாரதி (2000) – இசை இளையராஜா. பாரதியாரின் வாழ்க்கை வரலாற்றுப் படம்.

கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன் (2000) – இசை ஏ. ஆர். ரகுமான். பாரதியார் செஞ்சுருட்டியில் குறித்த கண்ணம்மா பாடல் புதிய மெட்டில் இடம் பெற்றது.

தாக்கம்

பாரதியாரின் இசைப்பாடல்கள் பிற்காலப் பாடலாசிரியர் பலருக்கு வழிகாட்டின. புதுச்சேரியில் அவருடன் பழகிய கனக சுப்புரத்தினம், பாரதிதாசன் என்னும் புனைபெயரில் எழுதிய இசைப்பாடல்களும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. அவருடைய துன்பம் நேர்கையில் என்னும் பாடல் தேஷ் இராகத்தில் புகழ்பெற்றது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த சுத்தானந்த பாரதியாரும் தமிழ்க் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியராகப் பணியாற்றிய பெரியசாமித் தூரன் (1908 – 1987), பாரதியாரின் எழுத்துகளைத் தேடித் தொகுத்து 1953இல் பாரதி தமிழ் என்னும் நூலாக வெளியிட்டார். அவரே சிறந்த கீர்த்தனை ஆசிரியருமாவார்.

பாரதியாரின் கொள்ளுப்பேரன் ராஜ்குமார் பாரதி கருநாடக இசைப் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் அறியப்பட்டவர்.

பரதநாட்டிய மேடைகளில் கண்ணன் பாட்டுப் பாடல்கள் பதங்களுக்கு இணையாக இடம் பெறுகின்றன. கச்சேரிகளின் இறுதிப் பகுதியில் பாடப்படும் துக்கடாக்களில் பாரதியார் பாடல்களுக்கு நிலையான இடம் உண்டு. எனினும் விரிவான இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரங்களுடன் பாடப்படும் முதன்மை உருப்படியாக அவருடைய கீர்த்தனைகள் எடுக்கப்படுவது அரிது. பழைய சில கீர்த்தனைகளையே திரும்பப் பாடும் வழக்கத்தை மாற்றிக் கச்சேரியின் நடுவிடத்தைத் தமிழ்ப் பாடலுக்கு அளிக்க வேண்டும் என்று அவர் விரும்பியதை நோக்க, இது இன்னும் நிறைவேறாத ஒன்றாகவே உள்ளது.

மூல மெட்டுகளில் பெரும்பகுதி மீளாவிட்டாலும், பாரதியார் எழுதிச் சென்ற இராக, தாள, சுவைக் குறிப்புகள் அச்சில் உள்ளன. முத்தியால்பேட்டை நண்பரின் தோப்பில் உருவான குயில் பாட்டின் சங்கராபரணச் சுர வரிசையும், கண்ணம்மா பாடலின் பைரவிச் சுர வரிசையும் அவர் பாடிய முறைக்கு நேரடிச் சான்றுகளாக எஞ்சியுள்ளன. மனோபாவத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அவர் அளித்த இசைவோடு, இவற்றை அடிப்படையாகக் கொண்டு பாடுவதற்குப் பாடகர்களுக்கு இன்றும் வாய்ப்பு உள்ளது.